நாம் வந்த கப்பலும் நாம் பாடும் கப்பலும்

மலாக்கா ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், சாலையோரமாக ஒரு பெரிய மரக்கப்பல் நிற்கிறது. 36 மீட்டர் நீளம், 34 மீட்டர் உயரம். பெயர் 'ஃப்ளோர் டி லா மார்', கடலின் மலர். 1994-இல் திறக்கப்பட்ட கடல் அருங்காட்சியகம் அது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு நன்றாகப் பழகிய கப்பல். பள்ளிச் சுற்றுலா என்றால் மலாக்கா, மலாக்கா என்றால் இந்தக் கப்பல். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியேற வேண்டும். ஏறியதும் கண்ணாடிப் பெட்டிகளை நின்று படிக்கிற பிள்ளைகள் குறைவு. நேராக மேல்தளம்தான். அங்கே ஒருத்தன் கேப்டன், ஒருத்தன் கொள்ளைக்காரன், மற்றவர்களெல்லாம் செத்து விழ வேண்டியவர்கள். "டேய், மியூசியம்டா இது, வெளையாட்டுத் தெடல் இல்ல!" என்று வாத்தியார் கத்துவார். வாத்தியாரைவிடப் பிள்ளைகள்தான் அந்தக் கப்பலைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அது கொள்ளைக் கப்பல்தான். விளையாட ஏற்ற மாதிரிதான் கட்டியும் வைத்திருக்கிறார்கள்.

நாவலையும் கவிதைத் தொகுப்பையும் மட்டும்தான் விமர்சனம் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒரு மாநிலம் தன் பழைய கதையைச் சொல்ல மரத்தாலும் சிமெண்டாலும் எழுதி வைத்திருக்கும் பிரதி இது. எதைச் சொல்கிறது, எதை விடுகிறது, யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று இதையும் வாசித்துப் பார்க்கலாம். வாசித்துவிட்டு அதே கேள்விகளை மலேசியத் தமிழ் எழுத்தின் பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது வேலைதான்.

முதலில் கப்பல். 1502-இல் லிஸ்பனில் கட்டப்பட்ட, 400 டன் கப்பல் அது. அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது. 1507-இல் ஹோர்முஸ், 1509-இல் தியூ, 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா என்று இந்தியப் பெருங்கடலில் போர்த்துகீசியர் அடித்த இடங்களிலெல்லாம் இது இருந்தது. மலாக்கா விழுந்த சில மாதங்களில் அஃபோன்சோ டி அல்புகர்க் கொள்ளைப் பொருள்களை இதில் ஏற்றிக்கொண்டு கோவாவை நோக்கிப் புறப்பட்டார். ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த கிழட்டுக் கப்பல். சுமத்ரா கரையோரம் புயலில் மாட்டி உடைந்தது. அல்புகர்க் ஒரு தெப்பத்தில் ஏறித் தப்பித்தார். பொன் எவ்வளவு, மணி எவ்வளவு, அது எங்கே கிடக்கிறது என்று புதையல் வேட்டைக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. எதுவும் உறுதியாகவில்லை.

பொன்னைப் பற்றிய பேச்சில் மறைந்துபோகிற ஒரு விஷயம் இருக்கிறது. அல்புகர்க்கின் மகன் தொகுத்த நூல், கப்பலோடு மூழ்கியவற்றைப் பட்டியல் போடுகிறது. சுல்தான்களின் கல்லறையிலிருந்து எடுத்த வெண்கலச் சிங்கங்கள் அதில் உண்டு. கூடவே, தையல் வேலையில் தேர்ந்த பெண்களும், குமரிமுனைக்குக் கிழக்கேயுள்ள நாடுகளின் நல்ல குடும்பத்துச் சிறுவர் சிறுமியரும் அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று சொல்கிறது. போர்த்துகல் ராணிக்குப் பரிசாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். குமரிமுனைக்குக் கிழக்கே என்றால் நம் கரையும் அதில் சேர்ந்ததுதானே? அந்தப் பிள்ளைகள் யார், என்ன மொழியில் அழுதார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அதே பயணத்தில் ஒரு ஜங்க் கப்பலும் போனது. அதில் ஏற்றப்பட்டிருந்த சாவகத் தச்சர்கள் கலகம் செய்து, காவலிருந்த போர்த்துகீசியரைக் கொன்று, கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் மலாக்காவில் நகல் செய்து நிறுத்தியிருக்க வேண்டியது அந்த ஜங்க்கைத்தான். செய்ய மாட்டார்கள். அதற்குப் பெயர்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

தன்னைக் கொள்ளையடித்த கப்பலை ஒரு ஊர் ஏன் தன் அடையாளமாகக் கட்டிக்கொள்கிறது? சுற்றுலாப் பணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஓரளவு உண்மையும்தான். போர்த்துகீசியக் கோட்டையின் பெயரை வைத்துக்கொண்டு அலோர் காஜாவில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவே நடக்கிறது. ஆனால் பணத்துக்கு அப்பால் வேறொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொள்ளையடிக்கப்பட்டதைச் சொன்னால்தான் தன்னிடம் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்ட முடியும். கப்பல் பெரிதாக இருக்க இருக்க, இழந்த சுல்தானகமும் பெரிதாகிறது. இது ஒரு தேசிய ஒப்பாரி. ஒப்பாரியிலும் பெருமை பேசுவது உண்டு. நம் பாட்டிமார் செத்தவரின் நிலபுலன்களை எண்ணி எண்ணி அழுவதில்லையா? அந்த வகை. இந்த ஒப்பாரியில் இடம் பெற வேண்டுமானால் பொருளாக இருக்க வேண்டும், அல்லது ராஜாவாக இருக்க வேண்டும். தையல்காரிக்கு இடமில்லை.

இன்னொன்று. இந்த அருங்காட்சியகத்தின் இரண்டாம் பகுதி கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது. அது கத்ரி கம்பெனியின் கட்டடம். 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கி, மலாயாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பெரும்பங்கை நடத்திய அதே கத்ரி. 1981-இல் லண்டன் பங்குச் சந்தையில் காலையில் கடை திறந்ததும் மலேசியா வாங்கிப் போட்டதே, அந்தக் கம்பெனி. கடல் வரலாற்றைச் சொல்கிற இடத்தின் சுவரே தோட்ட முதலாளியின் சுவர்! ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால், குறியீடு ரொம்பத் தூக்கலாக இருக்கிறது, குறையுங்கள் என்று சொல்லியிருப்பேன். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற தோட்டத்துப் பிள்ளையின் பாட்டன் வெட்டிய பால் இப்படிப்பட்ட கட்டடங்களின் கணக்கில்தான் ஏறியிருக்கும். அதைச் சொல்ல ஒரு வாத்தியாராவது அந்தச் சுவர் முன்னால் இரண்டு நிமிடம் நின்றால் நன்றாக இருக்கும்.

இனி நம் பக்கம்.

மலாக்காவைப் பற்றித் தமிழர்கள் பேசத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் நம்மவர்களைப் பார்த்துக்கொண்டவர். செஜாரா மெலாயுவில் ராஜா முதலியார் வருகிறார், நினா சூரதேவன் வருகிறார். தங்க ஆசாரித் தெருவில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. காஜா பெராங்கில் செட்டிகளின் கிராமம் இருக்கிறது. எல்லாம் உண்மை. மேடையில் சொன்னால் கைத்தட்டும் கிடைக்கும். கைத்தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஜாசின், தெபோங், ஆசகான் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ராஜா முதலியார் அவர்களுக்கு எந்த வகையில் தாத்தா?

இந்தப் பெருமைக் கதையில் நாம் மெல்ல விட்டுவிடுகிற ஆளும் ஒருவர் உண்டு. நினா சாத்து. மலாக்காவின் பெரிய இந்து வணிகர். 1509-இல் சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு ரகசியமாக உதவியவர். 1511-க்குப் பிறகு போர்த்துகீசியர் அவரையே பெண்டஹாரா ஆக்கினார்கள். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து பெகுவுக்குக் கப்பல் விட்டார். 1514-இல் பதவியைப் பறித்து கம்பார் அரசனுக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் சந்தனக் கட்டைச் சிதை அடுக்கி அதில் ஏறி எரிந்துபோனார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். துரோகி என்றும் சொல்லலாம், கடல் வணிகர் என்றும் சொல்லலாம். சுல்தானின் ஊரில் எப்போதும் வெளியாளாகவே இருந்த ஒருவனின் கணக்கு தப்பிய கதை என்றும் சொல்லலாம். இவ்வளவு முரண்பாடு உள்ள ஒரு மனிதன் கிடைத்தும் மலேசியத் தமிழில் அவர்மேல் ஒரு பெரிய நாவல் பேசப்படவில்லை என்றால், வெற்றி பெற்ற கப்பலில் மட்டும்தான் நமக்கு ஏறத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

வெற்றி பெற்ற கப்பல் என்றதும் கடாரம் வந்துவிடும். ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்தான். அந்த வெற்றியைச் சொல்லும் மெய்க்கீர்த்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிடிபட்ட அரசன், யானைகள், குவித்த செல்வம், பெயர்த்து எடுத்துவந்த அலங்கார வாயில் என்று அதுவும் ஒரு கொள்ளைப் பட்டியல்தான். அல்புகர்க்கின் மகன் தொகுத்ததற்கும் இதற்கும் கவிதைதான் வித்தியாசம். வெண்கலச் சிங்கத்தைத் தூக்கினால் கொள்ளை, வித்தியாதர தோரணத்தைத் தூக்கினால் வீரமா? சாண்டில்யன் 'கடல் புறா' எழுதினார். எங்கள் வீடுகளில் பைண்டு பண்ணி வைத்து மாறி மாறிப் படித்த புத்தகம் அது. நானும் விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். இப்போது கேலி செய்வது சுலபம், செய்ய விரும்பவில்லை. அது ஒரு நல்ல பொழுதுபோக்குக் கப்பல். ஏறலாம், வாள் சுற்றலாம், அழகிகளைப் பார்க்கலாம், இறங்கிவிடலாம். மலாக்காவில் நிற்கிற மரக்கப்பல் மாதிரியே. அடித்தளத்தில் துடுப்பு வலித்தவன் யார் என்று இரண்டிலும் யாரும் கேட்பதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பொழுதுபோக்குக் கப்பலை வம்ச வரலாறாக மாற்றிக்கொள்ளும்போது. தோட்டத்துக்காரன் என்று சொன்னால் கூசுகிற வாய் சோழன் என்று சொன்னால் நிமிர்கிறது. கூச்சம் ஏன் வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 'கெலிங்' என்ற சொல்லைப் பள்ளியிலும் பாசாரிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு கவசம் தேவைப்படுகிறது. ஆனால் கவசம் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கை அசையாது.

நாம் வந்த கப்பல் வேறு. ஆவடி முகாம், நாகப்பட்டினம் முகாம், அங்கிருந்து டெக் பயணம். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா, தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல். ஐயாயிரம் பேர்! நமக்குத் தெரிந்த பெரிய தோட்டங்கள் சிலவற்றை லயத்தோடு பெயர்த்து ஒரே தளத்தில் படுக்க வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் பாட்டி கப்பல் கதை கேட்டால் இரண்டே வாக்கியம்தான் சொல்லும்: "ஒரே வாந்தி. பக்கத்துல படுத்திருந்தவ புள்ளய மட்டும் காணோம்னாங்க." அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடும்.

அந்தக் கப்பல் மலாக்காவுக்கு வரவும் இல்லை. பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போனது. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் எண்பத்து நான்கு மொழி கேட்டதாக தொமே பிரேஸ் எழுதிய துறைமுகம், தோட்டத் தமிழர்கள் வந்த காலத்தில் மணல் தட்டிப்போன சின்ன ஊர். 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். பிறகு ஆசகானில் பெரிய அளவில். ஆள் தேவைப்பட்டது. கிள்ளானிலோ பினாங்கிலோ இறங்கியவர்கள் ரயிலில் தம்பின் வரை வந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதையும் ஓடியது. ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனான். தோட்டத்து ஆள்களையும் அதே வேலைக்கு அள்ளிக்கொண்டு போனான். ஆகவே மலாக்காத் தோட்டத் தமிழனின் 'கடல் வரலாறு' என்று ஒன்று எழுதினால் அதில் பாதி ரயில் வரலாறாகத்தான் இருக்கும். மலாக்கா பட்டணம் அவனுக்குச் சம்பள நாளுக்கு மறுநாள் சாமான் வாங்கப் போன இடம். ஷாபந்தர் இருந்த ஊர் என்பது பின்னாளில் பேரன் சொல்லித் தெரிந்துகொண்டது.

நம் புனைவில் இந்தப் பயணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? தோட்டத்தைப் பற்றி நமக்கு ஏராளமாக உண்டு. பெரட்டு, பால்வாளி, கங்காணி, கிராணி, கள்ளுக்கடை, ஆயாக்கொட்டகை எல்லாம் எழுதியாயிற்று. சில சமயம் எழுதி எழுதித் தேய்ந்தும் போயிற்று. சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்கள் எழுதினார்கள். அந்த நாவல்கள் இல்லாவிட்டால் அந்த மரணங்களில் பாதி நம் நினைவிலிருந்து போயிருக்கும். கப்பல் மட்டும் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தின் ஒரு பத்தி. 'கப்பலேறி வந்தான்' என்ற ஒரே வினையில் கடல் முடிந்துவிடுகிறது. அடுத்த வரியில் லயம் வந்துவிடும். ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வாரத்துக்குப் பக்கமான நாள்கள் எங்கே போயின? யார் பக்கத்தில் யார் படுத்தார்கள், சாதி அந்தத் தளத்தில் என்ன செய்தது, தண்ணீருக்கு யார் முன்னால் நின்றார்கள், குமட்டலில் யார் யார் தலையைப் பிடித்தார்கள்? தோட்டத்தில் பின்னால் நடந்ததற்கெல்லாம் ஒத்திகை அங்கேதான் நடந்திருக்க வேண்டும்.

தமிழில் மலாக்கா நீரிணையை உண்மையிலேயே எழுதியவர் என்று ப. சிங்காரத்தைத்தான் சொல்வேன். 'புயலிலே ஒரு தோணி'யில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் போகிறவர்கள் புயலில் சிக்குகிற பகுதியை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். 'கடலின் மலர்' உடைந்ததும் இதே சுமத்ராவுக்கு இந்தப் பக்கத்துக் கடலில்தான். சிங்காரத்திடம் கடல் அலங்காரமாக வருவதில்லை. மனிதர்களின் பேச்சை, பெருமையை, கணக்குகளை ஒரே அடியில் நிறுத்தி வைக்கிற ஒன்றாக வருகிறது. பாண்டியன் வீரன்தான், ஆனால் புயலுக்கு அதெல்லாம் தெரியாது. சோழக் கனவையும் அந்த நாவல் எள்ளலோடுதான் தொடுகிறது, தமிழ்ப் பெருமையைப் பேசுகிறவர்களைப் பேசவிட்டே கவிழ்க்கிறது. இதனால்தான் எத்தனை 'கடல் புறா' வந்தாலும் சிங்காரத்தின் ஒரு தொங்கான் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்காரத்தின் ஆள்கள் கடைக்காரர்கள், பெட்டியடிப் பையன்கள், மைனர்கள், போராளிகள். வட்டிக்கடை, மொத்த வியாபாரம், பட்டணத்து இரவு என்று போகிற உலகம் அது. ரஜூலாவின் டெக்கில் வாந்தியெடுத்தவள் அவருடைய நாவலில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அவர் பார்த்ததை அவர் எழுதினார். அவள் நமக்கு விடப்பட்ட ஆள். கடந்த இருபது ஆண்டுகளில் எழுத வந்த நம் இளைஞர்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமான், மலிவு விலை வீடு, குண்டர் கும்பல், பட்டணத்துத் தனிமை என்று எழுதுகிறார்கள். வரவேற்கிறேன். தோட்டக் கதை என்றாலே பழசு என்ற சலிப்பும் அவர்களிடம் இருக்கிறது, அதுவும் நியாயம்தான். கப்பல் பழசு இல்லை. அதை இன்னும் யாரும் சரியாகத் தொடவே இல்லையே.

எழுத ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். கப்பல் கம்பெனிப் பட்டியல், குடிவரவு இலாகாவின் ஆண்டறிக்கை எல்லாம் ஆவணக் காப்பகங்களில் உண்டு. அதெல்லாம் எண்ணிக்கை சொல்லும், குமட்டல் சொல்லாது. குமட்டலைச் சொல்ல ஆள்கள் இன்னும் இருக்கிறார்கள். ரஜூலா எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஐம்பதுகளில் அம்மா இடுப்பில் உட்கார்ந்தும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டும் வந்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஜாசினில், மெர்லிமாவில், பூலாவ் செபாங்கில், தோட்டம் விற்ற பிறகு வந்து சேர்ந்த தாமான் வீடுகளின் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கப்பலைப் பற்றிக் கேட்டால் முதலில் ஒன்றும் ஞாபகமில்லை என்பார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் வெங்காய மூட்டை நாற்றத்தைப் பற்றிச் சொல்வார்கள்.